ஒரே ஏரியல், ஐந்து டிவி: தோட்டத்து வீட்டில் சிக்னலை எப்படிப் பிரிப்பது?

எல்லைத்தோட்டம்:
வணக்கம். வீடு மலேசியாவில், சுங்கை சிப்புட் டவுனுக்கு வெளியே, பழைய தோட்டத்து வீட்டை இழுத்துக் கட்டியது. முன்பாதி பலகை, பின்பாதி செங்கல், மேலே முழுக்கத் தகரம். கூரைமேல் ஒரு யுஎச்எஃப் ஏரியல் இருக்கிறது, முன்ஹாலில் எல்லாச் சேனலும் சுத்தமாக வருகிறது. இனி ஐந்து இடத்தில் வேண்டும்: முன்ஹால், இரண்டு படுக்கையறை, சமையலறை, பின்னால் தனியாக உள்ள அறை. ஸ்டோர் ரூமை மையமாக வைத்தால் பின்னறைக்கு வயர் போகும் வழி 25 மீட்டர், மற்றவை 6 முதல் 12 மீட்டர். ஏரியலிலிருந்து ஸ்டோருக்கு 10 மீட்டர். நான்கு டிவியில் டிஜிட்டல் ஒலிபரப்பை வாங்கும் டிவிபி-டி2 உள்ளேயே இருக்கிறது, ஒன்று பழையது, அதற்கு டிகோடர் உண்டு.

கடையில் டிவிக்கு ஒரு பூஸ்டர் (சிக்னலைப் பெருக்கும் பெட்டி) என்று ஐந்து பூஸ்டர் வாங்கச் சொல்கிறார்கள். ஒரு வயரை இரண்டாகப் பிரிக்கும் இரண்டு வழி ஸ்பிளிட்டரை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டால் போதும் என்று இன்னொரு யோசனையும் சொன்னார்கள். எது சரி?

கிந்தா_வயர்மேன்:
இரண்டும் வேண்டாம் தம்பி. கணக்குப் போட்டால் விடை தானாகத் தெரியும்.

உங்கள் ஏரியல் முனையில் 55 டெசிபெல் மைக்ரோவோல்ட் (சிக்னலின் பலத்தைச் சொல்லும் அளவு) கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். ஏரியலுக்குப் போடும் ஆர்ஜி-6 வயர், டிவி அலைவரிசையின் மேல்முனையான 694 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் 100 மீட்டருக்குச் சுமார் 18 டெசிபெல் தின்னும், 500 பக்கத்தில் 15. எப்போதும் மோசமான பக்கத்தை வைத்தே கணக்கிட வேண்டும். ஆறு வழி ஸ்பிளிட்டர் சுமார் 10 டெசிபெல். சுவர் பிளேட்டும் கனெக்டரும் சேர்த்து 1.

பின்னறைக்கு: 55, ஏரியல் வயர் 10 மீட்டரில் 1.8 போகும், ஸ்பிளிட்டரில் 10, 25 மீட்டர் வயரில் 4.5, பிளேட்டில் 1. மிச்சம் 37.7. டிவியின் சாக்கெட்டில் 45க்குக் குறையாமல், 70ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது. 37லும் படம் வரத்தான் செய்யும். ஆனால் கைவசம் இருப்பு இல்லை. செம்பனை மட்டை நனைந்து கிடக்கும் நாளில் கட்டம் கட்டமாக உடையும்.

இப்போது ஏரியல் கம்பத்திலேயே 18 டெசிபெல் பூஸ்டர் ஒன்று போடுங்கள். 73, வயர் போக 71.2, பவர் கொடுக்கும் பெட்டியில் அரை டெசிபெல் போக 70.7, ஸ்பிளிட்டருக்குப் பின் 60.7, பின்னறையில் 55.2. ஆறே மீட்டர் தூரத்துப் படுக்கையறைக்கு 58.6. எல்லா அறையும் ஒரே கூட்டுக்குள் வந்துவிட்டது, ஒன்றுக்கும் மிகையில்லை, ஒன்றுக்கும் குறையில்லை.

ஆக, கம்பத்தில் ஒரு பூஸ்டர், ஸ்டோரில் ஒரு ஆறு வழி ஸ்பிளிட்டர், அறைக்கு ஒரு தனி வயர். ஆறாவது வாயில் 75 ஓம் டெர்மினேட்டர் மாட்டி மூடிவிடுங்கள்.

பால்மரத்தடி:
டிவிக்குப் பின்னால் பூஸ்டர் போட்டாலும் அதே 18 டெசிபெல்தானே கூடும்? கூரை ஏற வேண்டாம், மழையிலும் நனையாது. ஏன் மேலேயே வேண்டும்?

கிந்தா_வயர்மேன்:
கூடுவது அதே 18தான். ஆனால் எது கூடுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

8 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு சேனலில், 75 ஓம் வயரில், இயற்கையாகவே சுமார் 4 டெசிபெல் மைக்ரோவோல்ட் இரைச்சல் உண்டு. எந்தப் பூஸ்டராலும் அதைக் குறைக்க முடியாது. பூஸ்டர் தன் இரைச்சலையும் அதன்மேல் சேர்க்கும். நல்ல பூஸ்டர் 2, 3 டெசிபெல் சேர்க்கும், மட்டமானது 6, 7. டிவி ட்யூனரும் 6, 7 சேர்க்கும்.

மேலே போட்டால் 55இல் உள்ள சிக்னல் 4+3=7 இரைச்சலுக்கு எதிரே நிற்கிறது, இடைவெளி 48. அந்த இடைவெளி அப்படியே கீழே இறங்கும், வழியில் வயரும் ஸ்பிளிட்டரும் இரண்டையும் சேர்த்தே குறைக்கும். டிவிக்குப் பின்னால் போட்டால் சிக்னல் 38க்கு இறங்கியபின் பூஸ்டருக்குள் போகிறது. அங்கும் இரைச்சல் 7. இடைவெளி 31. இழந்த 17 டெசிபெல்லை எத்தனை பூஸ்டர் போட்டாலும் திரும்ப வாங்க முடியாது. பூஸ்டர் சிக்னலை உண்டாக்குவதில்லை, வந்ததைத்தான் பெருக்கும், வந்த இரைச்சலோடு சேர்த்து.

டிவிபி-டி2வில் படம் நிற்க இந்த இடைவெளி ஒலிபரப்பு எந்த அமைப்பில் வருகிறது என்பதைப் பொறுத்து 20 பக்கம் வேண்டியிருக்கும். 31இல் வரத்தான் வரும். ஆனால் 48 இருக்கும் வீட்டுக்கு மழைக்காலம் ஒரு பொருட்டே இல்லை.

தைப்பிங்_ரேடியோ:
அண்ணன் சொன்ன கணக்குச் சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: பூஸ்டர் தேவையா என்பதை வாங்குவதற்கு முன் பார்த்துவிடலாம், மீட்டர் வேண்டியதில்லை.

எப்படியும் வாங்கப்போகும் ஆறு வழி ஸ்பிளிட்டரை முதலில் வாங்குங்கள். முன்ஹாலில் ஏரியல் வயருக்கும் டிவிக்கும் நடுவே அதை மாட்டுங்கள், மற்ற வாய்களுக்கு டெர்மினேட்டர். டிவி மெனுவில் சிக்னல் பக்கத்தைத் திறந்து தரம் எவ்வளவு என்று பாருங்கள். பலம் இறங்கும், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். தரம் அசையாமல் நின்றால் 10 டெசிபெல் இழந்தும் உங்களிடம் இருப்பு இருக்கிறது என்று பொருள். அதோடு பின்னறை வயரின் 25 மீட்டர் சுருளையும் சேர்த்து மாட்டிப் பாருங்கள். அப்போதும் தரம் நின்றால் பூஸ்டருக்குக் காசு செலவழிக்க வேண்டியதே இல்லை. டவுன் பக்கம், ஒலிபரப்பு வரும் மலை பார்வையில் படும் வீடுகளில் பலமுறை இதுதான் முடிவு.

தரம் ஆடினால் பூஸ்டர் வேண்டும். சோதனையைக் காலையில் ஒருமுறை, மழை பெய்து முடிந்தவுடன் ஒருமுறை செய்யுங்கள்.

எல்லைத்தோட்டம்:
மழையில் சிக்னல் குறைவது மழைத்துளியால்தானே? ஆஸ்ட்ரோ டிஷ் அப்படித்தான் நிற்கிறது.

தைப்பிங்_ரேடியோ:
டிஷ் வேறு, இது வேறு. டிஷ்ஷுக்கு வருவது 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேலே, அந்த அலையை மழைத்துளி நேரடியாகத் தின்னும். நம் ஏரியலுக்கு வருவது 470 முதல் 694 மெகாஹெர்ட்ஸ், இதற்கு மழை ஒரு தடையே இல்லை. தடை இரண்டு. ஒன்று நனைந்த இலை: ஏரியலுக்கு எதிரே செம்பனையோ பால்மரமோ நின்றால் உலர்ந்த நாளில் ஊடுருவி வருவது நனைந்த நாளில் பாதியாகும், காற்றில் மட்டை ஆடும்போது அளவும் ஆடும். இரண்டாவது கனெக்டருக்குள் போன தண்ணீர். மழை விட்டு மரம் உலர்ந்த பின்னும் படம் உடைந்தால் தண்ணீர் வயருக்குள் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

செம்பனை வளர்ந்துகொண்டே போகும். நட்ட புதிதில் கூரைக்குக் கீழே இருந்தது பத்து வருஷத்தில் ஏரியலை மறைக்கும். கம்பத்தை உயர்த்துவதற்கு முன் ஏரியலைக் கூரையின் மறுமுனைக்கு மாற்றிப் பாருங்கள். இரண்டு மரத்துக்கு இடையே ஒரு சந்து கிடைத்தால் அது இரண்டு மீட்டர் உயரத்துக்குச் சமம்.

வானலை_அக்கா:
பிரிப்பதைப் பற்றிப் பேசும் முன் ஏரியலைப் பற்றி யாரும் கேட்கவில்லையே. தோட்டத்து வீடுகளில் இன்னும் பழைய அனலாக் ஏரியல் கூரையில் நிற்கிறது. அனலாக் 2019 அக்டோபர் 31ஆம் தேதியோடு நாடு முழுக்க நின்றுபோனது. அளவுகோலை எடுத்து குறுக்குக் கம்பியை அளந்து பாருங்கள். அரை மீட்டருக்கு மேல் நீளமாக இருந்தால் அது விஎச்எஃப், இப்போது பயனில்லை. யுஎச்எஃப் கம்பி 20 முதல் 32 சென்டிமீட்டருக்குள் இருக்கும்.

தம்பியிடம் இருப்பது யுஎச்எஃப் என்றார், நல்லது. சுங்கை சிப்புட்டிலிருந்து, ஒலிபரப்பு வரும் கிளெடாங் மலை தெற்கே, சற்று மேற்காக, ஏறத்தாழ 25 கிலோமீட்டர். ஏரியல் முகம் அந்தப் பக்கம் இருக்க வேண்டும். கிந்தா பள்ளத்தாக்கில் சுண்ணாம்புப் பாறைக் குன்றுகள் நடுநடுவே நிற்கின்றன, அதில் ஒன்று எதிரே இருந்தால் நேர்த்திசையில் கிடைக்காதது பக்கவாட்டில் பாறையில் பட்டுத் தெறித்துக் கிடைக்கும். ஆகவே திசைகாட்டியோடு நிறுத்திவிடாமல், டிவியில் தரத்தைப் பார்த்துக்கொண்டே ஒருவர் மெல்லத் திருப்ப வேண்டும், ஒருவர் கீழே நின்று சொல்ல வேண்டும். திருப்பியபின் ஐந்து விநாடி பொறுங்கள், டிவி எண்ணை உடனே மாற்றிக் காட்டாது. கம்பிகள் படுத்திருக்க வேண்டுமா நிற்க வேண்டுமா என்பதை அக்கம்பக்கத்தில் நன்றாக வரும் வீட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள். தவறாகப் பிடித்தால் 15, 20 டெசிபெல் போய்விடும்.

தகரத்துக்கு மேலே ஒரு மீட்டராவது இடைவெளி விடுங்கள். தகரத்துக்குக் கீழே, சிலிங்குக்குள் ஏரியல் வைக்கும் யோசனையை மறந்துவிடுங்கள்.

பால்மரத்தடி:
5ஜி வந்தபிறகு பூஸ்டர் போட்ட வீடுகளில் படம் உடைகிறது என்கிறார்களே, உண்மையா?

கிந்தா_வயர்மேன்:
உண்மை, ஆனால் எல்லா வீட்டிலும் இல்லை. முன்பு டிவிக்கு இருந்த 700 மெகாஹெர்ட்ஸ் பட்டை இப்போது 5ஜிக்குப் போய்விட்டது. கைப்பேசி அனுப்புவது 703 முதல் 748, கோபுரம் அனுப்புவது 758 முதல் 803. பழைய யுஎச்எஃப் ஏரியலும் பழைய பூஸ்டரும் 862 வரை எல்லாவற்றையும் வாங்கும். வீட்டுக்கு அருகே 5ஜி கோபுரம் இருந்தால் அந்தப் பலமான சிக்னல் பூஸ்டருக்குள் போய் அதை நிறைத்துவிடும், டிவி சேனல்களும் சேர்ந்து சிதையும். அடையாளம்: டிவியில் பலம் நிறைய, தரம் குறைவு. பூஸ்டரைக் கழற்றினால் படம் நேராகும்.

மருந்து, 694க்கு மேலே அடைக்கும் வடிகட்டி. அது ஏரியலுக்கும் பூஸ்டருக்கும் நடுவே வர வேண்டும். பூஸ்டருக்குப் பின் போட்டால் சேதம் நடந்து முடிந்திருக்கும். புதிதாக வாங்குகிறவர்கள் 470 முதல் 694 என்று அச்சிட்ட பூஸ்டரையே கேளுங்கள், அதற்குள்ளேயே வடிகட்டி இருக்கும். சின்னப் பொருள்தான், ஆனால் இதைத் தெரியாமல் ஏரியலை மாற்றி, வயரை மாற்றி, டிவியைக்கூட மாற்றுகிறார்கள். பார்க்க வருத்தமாக இருக்கிறது.

இன்னொன்று. பூஸ்டரில் 36, 40 டெசிபெல் என்று பெரிய எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள். ஒரு வீட்டுக்கு 15 முதல் 20 தாராளம். அதிகம் போட்டால் அருகிலுள்ள அறையின் டிவி அமுங்கிவிடும். திருகிக் குறைக்க வசதியுள்ளதாக எடுத்தால் இன்னும் நல்லது.

எல்லைத்தோட்டம்:
பவர் எப்படிப் போகிறது? கூரைக்குக் கரண்ட் இழுக்க வேண்டுமா?

கிந்தா_வயர்மேன்:
வேண்டாம். அதே ஏரியல் வயரிலேயே 12 வோல்ட் மேலே போகும். ஸ்டோரில் பிளக் பாயிண்ட் பக்கம் பவர் கொடுக்கும் பெட்டி வைக்கிறீர்கள், அதில் இரண்டு வாய்: ஒன்று ஏரியல், ஒன்று டிவி. ஏரியல் வாயில் கூரையிலிருந்து வரும் வயர், டிவி வாயிலிருந்து ஒரு குட்டை வயர் ஸ்பிளிட்டரின் உள்வாய்க்கு. மாற்றி மாட்டினால் பூஸ்டருக்குக் கரண்ட் போகாது. செத்த பூஸ்டர் சிக்னலைப் பெருக்காததோடு 20, 30 டெசிபெல் தடுத்தும் நிறுத்தும், ஆகவே "பூஸ்டர் போட்டபின் ஒன்றுமே வரவில்லை" என்றால் முதலில் இந்த இரண்டு வாயைப் பாருங்கள்.

பெட்டி ஸ்பிளிட்டருக்கு மேலே இருக்க வேண்டும். கீழே வைத்தால் சாதாரண ஸ்பிளிட்டர் கரண்டைக் கடத்தாது. சில டிவியிலும் டிகோடரிலும் ஏரியலுக்கு 5 வோல்ட் கொடுக்கும் அமைப்பு மெனுவில் உண்டு. ஐந்திலும் அதை அணைத்துவிடுங்கள். ஸ்பிளிட்டருக்குள் அது சார்ட் ஆகும், ஏரியல் சார்ட் என்று திரையில் எச்சரிக்கை வரும்.

மண்வாசம்:
வயர் வாங்கும்போது எதைப் பார்ப்பது? செம்பு நரம்பு உள்ளதே வேண்டும், இரும்பில் செம்பு பூசியது ஆகாது என்கிறார்கள்.

தைப்பிங்_ரேடியோ:
உயர் அலைவரிசை நரம்பின் மேல்தோலில்தான் ஓடும், உள்ளே இரும்பு இருப்பது சிக்னலுக்குத் தெரியாது. பூஸ்டர் கரண்டுக்கும் கவலையில்லை: 15 மீட்டரில் ஒன்றரை ஓம் கூடும், 100 மில்லியாம்பியருக்கு 0.15 வோல்ட் குறையும், அவ்வளவுதான். இரும்பு நரம்பின் ஒரே குறை வெட்டிய முனையில் ஈரம் பட்டால் துரு.

பார்க்க வேண்டியது வெளிப் பின்னல். தோலை உரித்தால் அலுமினியத் தாளும் அதன்மேல் அடர்ந்த பின்னலும் இருக்க வேண்டும். பத்துப் பதினைந்து நூல் மட்டும் கலைந்து கிடந்தால் அதை வாங்காதீர்கள், ஆர்ஜி-6 என்று அச்சிட்டிருந்தாலும். வெளியே போகும் பகுதிக்குக் கறுப்பு வயர். வெள்ளைத் தோல் நம் வெயிலில் வெடித்துவிடும். பழைய மெல்லிய ஆர்ஜி-59 வயர் சுவருக்குள் ஏற்கெனவே இருந்தால் குட்டை ஓட்டத்துக்கு விடலாம், 25 மீட்டருக்கு வேண்டாம்.

எஃப்-கனெக்டர்: திருகி ஏற்றும் வகை வீட்டுக்குள் போதும் என்பார்கள், நான் எங்கும் அழுத்திப் பொருத்தும் வகையையே சொல்வேன். முனையிலிருந்து 6.5 மில்லிமீட்டர் நரம்பு வெறுமையாக, அடுத்த 6.5 மில்லிமீட்டர் வெள்ளை நுரையும் தாளும் தெரியும்படி, பின்னலைப் பின்னால் மடித்து விடுங்கள். ஒரு நூல் பின்னல் நரம்பைத் தொட்டாலும் அந்த அறை செத்தது. பொருத்தியபின் கனெக்டருக்குள் பாருங்கள், வெள்ளை நுரை உள்தளத்தோடு சமமாக நிற்க வேண்டும், நரம்பு விளிம்பைத் தாண்டி 2 மில்லிமீட்டர் நீண்டிருக்க வேண்டும்.

வெளியிலுள்ள கனெக்டருக்கு, தன்மேல் தானே ஒட்டும் ரப்பர் டேப்பை இரட்டிப்பு நீளத்துக்கு இழுத்துச் சுற்றி, அதன்மேல் கறுப்பு பிவிசி டேப். வயர் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் கீழ்நோக்கி ஒரு வளைவு விடுங்கள், தண்ணீர் அங்கே சொட்டட்டும். ஸ்டாப்ளர் ஊசி அடித்து வயரை நசுக்காதீர்கள். சிலிங்குக்குள் எலி இருக்கும் வீட்டில் பிவிசி பைப்புக்குள் விட்டு இழுங்கள்.

வானலை_அக்கா:
இடியைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. நம் ஊரில் பிற்பகல் இடி எப்படி என்று எல்லோருக்கும் தெரியும், தோட்டத்தில் உயரமாக நிற்கும் உலோகம் நம் ஏரியல் கம்பம்தான்.

வயர் வீட்டுக்குள் நுழையும் இடத்தில், வயரின் வெளிப் பின்னலை எர்த்தோடு இணைக்கும் எர்த் பிளாக் ஒன்று, அதிலிருந்து வீட்டின் முதன்மை எர்த்துக்கு வயர். கம்பத்துக்கும் 16 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர். பலர் கம்பத்துக்குத் தனியாக ஒரு கம்பியை மண்ணில் அடித்து அதோடு விட்டுவிடுகிறார்கள். அது ஆபத்து: இடி அருகே விழும்போது இரண்டு எர்த்துக்கும் இடையே பெரிய வோல்ட் வித்தியாசம் உண்டாகி அது டிவி வழியாகத்தான் பாயும். இரண்டையும் இணைக்க வேண்டும். முதன்மை எர்த்தில் கைவைப்பது பதிவுபெற்ற வயர்மேன் வேலை, அவரையே கூப்பிடுங்கள்.

இவ்வளவும் அருகே விழும் இடிக்குத்தான். நேரடியாக விழுந்தால் எந்தப் பாதுகாப்புக் கருவியும் நிற்காது. வானம் இருட்டும்போது ஸ்டோரில் ஏரியல் வயரையும் பவர் பெட்டியின் பிளக்கையும் கழற்றிவிடுங்கள். ஒரே இடத்தில் பிரிப்பதன் பெரிய நன்மை இதுவும்தான்: ஒரு வயரைக் கழற்றினால் ஐந்து டிவியும் ஏரியலிலிருந்து விலகும். டிவி பிளக்குகளைத் தனியாகக் கழற்ற வேண்டும்.

எல்லைத்தோட்டம்:
எல்லோருக்கும் நன்றி. ஸ்பிளிட்டர் சோதனையில் உலர்ந்த நாளில் தரம் நின்றது, மழைக்குப்பின் ஆடியது. ஆகவே 694 வரை மட்டும் வாங்கும் பூஸ்டர் மேலே போட்டாயிற்று. நான்கு அறை சுத்தம். சமையலறையில் மட்டும் சில சேனல் சுத்தமாக வருகிறது, சில சேனல் வரவே இல்லை. ஏரியலில் கோளாறா?

கிந்தா_வயர்மேன்:
நான்கு அறையில் வருகிறது என்றால் ஏரியலைத் தொடாதீர்கள். பல சேனல்கள் ஒரே அலைவரிசையில் கட்டாக வருகின்றன. ஒரு கட்டு வந்து இன்னொன்று வராமல் போவது, அந்த ஓட்டத்தில் ஒரு குறிப்பிட்ட அலைவரிசை மட்டும் அடிபடுகிறது என்பதன் அடையாளம். இரண்டு காரணம் அதிகம்.

நரம்பு எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது கனெக்டரில் நரம்பு குட்டையாகித் தொடாமல் நிற்கிறது. முடி அளவு இடைவெளியை உயர் அலைவரிசை தாண்டும், தாழ்ந்தது தாண்டாது. அப்போது கீழ்ச் சேனல்கள் போகும்.

இல்லையென்றால், நடுவே யாரோ வயரை முறுக்கிக் கிளை எடுத்து, மறுமுனையை வெறுமனே விட்டிருக்கிறார்கள். அந்தக் கிளை தன் நீளத்துக்கு ஏற்ற அலைவரிசையை மட்டும் உறிஞ்சிவிடும். பழைய வயரைப் பயன்படுத்திய இடத்தில் இதைத் தேடுங்கள்.

கண்டுபிடிக்கும் வரிசை: சமையலறை வயரை ஸ்பிளிட்டரில் படுக்கையறை வாய்க்கு மாற்றுங்கள். சரியானால் வாய் கெட்டது. இல்லையென்றால் படுக்கையறை டிவியைச் சமையலறைக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். அதிலும் அப்படியே இருந்தால் வயர்தான். இருமுனையையும் கழற்றி மல்டிமீட்டரில் நரம்புக்கும் பின்னலுக்கும் இடையே அளங்கள், திறந்திருக்க வேண்டும். மறுமுனையில் இரண்டையும் சேர்த்து அளந்தால் இரண்டு மூன்று ஓம் காட்ட வேண்டும். நூற்றுக்கணக்கில் காட்டினால் எங்கோ அறுந்திருக்கிறது.

எல்லைத்தோட்டம்:
சுவர் பிளேட்டுக்குப் பின்னால் பழைய வயரில் முறுக்கிய கிளை இருந்தது, வாசல் பக்கம் போய்ச் சும்மா கிடந்தது. வெட்டிவிட்டுப் புதுக் கனெக்டர் போட்டவுடன் எல்லாச் சேனலும் வந்துவிட்டது.

மண்வாசம்:
நல்லது. என் கேள்வி கொஞ்சம் பெரிது. ஐந்து வீடு வரிசையாக உள்ள ஒரு லயம், வீட்டுக்கு ஏழு மீட்டர். ஒரே ஏரியல் போட்டு ஐந்து வீட்டுக்கும் கொடுக்க முடியுமா? ஆறு வழி ஸ்பிளிட்டர் போட்டால் கடைசி வீட்டுக்குத் தனி வயர் நீளமாக ஓட வேண்டும்.

தைப்பிங்_ரேடியோ:
லயத்துக்கு ஸ்பிளிட்டர் வேண்டாம், டேப் போடுங்கள். ஒட்டும் டேப் இல்லை, முதன்மை வயரிலிருந்து ஒரு சிறு பங்கை மட்டும் இறக்கும் பெட்டி. அதன் இறக்கும் வாயில் எத்தனை டெசிபெல் குறையும் என்று மேலே அச்சிட்டிருக்கும்: 8, 12, 16, 20. முதன்மை வழியில் ஒன்றிரண்டு டெசிபெல்தான் போகும். முதல் வீட்டுக்குப் பெரிய எண், கடைசி வீட்டுக்குச் சின்ன எண்.

பூஸ்டருக்குப் பின் 80 கிடைப்பதாகக் கொண்டு போடுகிறேன். முதல் வீட்டுக்கு வயரில் அரை டெசிபெல் போய் 79.5, அங்கே 16 டேப், வீட்டுக்கு 63.5. முதன்மையில் டேப் 1.2, ஏழு மீட்டர் வயர் 1.3 போக 77, இரண்டாம் வீட்டுக்கும் 16, கிடைப்பது 61. அடுத்து 74.5இல் 12 டேப், மூன்றாம் வீட்டுக்கு 62.5. 12 டேப் முதன்மையில் 1.5 எடுக்கும், ஆகவே நான்காம் வீட்டு வாசலில் 71.7, அங்கும் 12, கிடைப்பது 59.7. கடைசியில் 68.9, டேப் 8, கிடைப்பது 60.9. ஐந்து வீடும் நான்கு டெசிபெல்லுக்குள்.

இதையே இரண்டு வழி ஸ்பிளிட்டரைச் சங்கிலியாகப் போட்டுச் செய்தால், ஒவ்வொன்றும் 3.5 எடுக்க, முதல் வீட்டுக்கு 76, கடைசிக்கு 60. முதல் வீட்டு டிவி திணறும். இன்னும் பெரிய குறை, ஒரு வீட்டில் யாராவது வயரைச் சார்ட் செய்தால் அந்தக் குழப்பம் அடுத்த வீட்டுக்கும் போகும். டேப்பில் வீடுகளுக்கு இடையே தடுப்பு அதிகம்.

கடைசி டேப்பின் வெளிவாயில் 75 ஓம் டெர்மினேட்டர் கட்டாயம். அதை விட்டால் முனையில் பட்ட சிக்னல் திரும்பி ஓடி முன்வீடுகளின் சில சேனல்களைக் கெடுக்கும்.

பால்மரத்தடி:
ஆஸ்ட்ரோ டிஷ்ஷையும் இதே வயரில் சேர்க்கலாமா? டிஷ்ஷுக்கு ஒன்று ஏரியலுக்கு ஒன்று என்று இரண்டு வயர் ஓடுகிறது.

கிந்தா_வயர்மேன்:
ஒரு அறைக்குச் செய்யலாம், டைப்ளெக்சர் என்ற சேர்க்கும் பெட்டி மேலே ஒன்று, கீழே ஒன்று. டிஷ்ஷிலிருந்து வருவது 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ், ஏரியல் 694க்குக் கீழே, ஒன்றையொன்று தொடாது. ஆனால் மூன்று விஷயத்தைப் பாருங்கள். டிகோடர் டிஷ் தலைக்கு 13 அல்லது 18 வோல்ட் அனுப்புகிறது, அது டைப்ளெக்சரின் டிஷ் வாய் வழியாக மட்டும் போக வேண்டும். நம் பூஸ்டரின் 12 வோல்ட் அதே வயரில் ஏற முடியாது, ஆகவே பவர் பெட்டி மேலுள்ள டைப்ளெக்சருக்கும் முன்பே, ஏரியல் வயரில் நிற்க வேண்டும். அங்கே பிளக் பாயிண்ட் கிடைப்பது அரிது. மூன்றாவதாக, டிஷ் சிக்னலை இந்தச் சாதாரண ஸ்பிளிட்டரில் பிரித்து இரண்டு டிகோடருக்குக் கொடுக்க முடியாது. ஒவ்வொரு டிகோடரும் தனக்கு வேண்டிய அலை வகையை (படுத்ததா, நின்றதா) வோல்ட் மாற்றித்தான் கேட்கிறது, அதனால் டிஷ் தலையில் டிகோடருக்கு ஒரு தனி வாய் வேண்டும்.

கூரை ஏற வழி இருக்கும் தோட்டத்து வீட்டில் இரண்டாவது வயரை இழுத்துவிடுவதே நிம்மதி.

மண்வாசம்:
கடைசியாக ஒன்று. டேப் போட்டு முடித்தபின் ஐந்து வீட்டு டிவியிலும் என்ன அமைப்பு வைக்க வேண்டும்?

வானலை_அக்கா:
நாடு மலேசியா, ஏரியல் வகை டிஜிட்டல், தானாகத் தேடு. கையால் தேடுகிற டிவியில் யுஎச்எஃப் 21 முதல் 48 வரை, அகலம் 8 மெகாஹெர்ட்ஸ். ஒரே சேனல் இரண்டு முறை பட்டியலில் வந்தால் இரண்டு நிலையம் கிடைக்கிறது என்று பொருள், தரம் அதிகமுள்ளதை வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுங்கள். அழிக்காவிட்டால் சில டிவி பலம் குறைந்ததையே முதல் எண்ணில் வைக்கும், அப்புறம் டேப்பில் கோளாறு என்று அந்த வீட்டுக்காரர் கூரை ஏறுவார்.